கல்லூரித் தடகள அணி: பழைய மாணவர்கள் உதவ வேண்டும்

வணக்கம். வேலூரில் நான் படித்த கல்லூரியில் தடகள அணியை நிறுத்திவிட்டார்கள். மீண்டும் தொடங்கச் சொல்லி மனு கொடுக்கப்போகிறோம்; அதற்கு அணியின் பழைய வரலாறு வேண்டும்.

2002-இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வரும்வரை வட ஆற்காட்டுக் கலைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. அதனால் அந்தக் காலத்துச் சான்றிதழ்களில் அந்தப் பெயர்தான் இருக்கும். பீரோவில் தேடிப் பாருங்கள். ஆண்டு மலர், தொடர் ஓட்ட அணியின் படம், எதுவானாலும் சரி. படத்தின் பின்பக்கத்தையும் எடுத்து அனுப்புங்கள், பெயரும் ஆண்டும் அங்கேதான் எழுதியிருப்பார்கள்.

வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த்தில் பளுதூக்கித் தங்கம் வாங்கினார். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓடத் தெம்பில்லாமலா போகும்? மைதானம் அப்படியே இருக்கிறது. 400 மீட்டர் தடத்தின் உள்விளிம்புச் செங்கல் புல்லுக்கு நடுவே இன்னும் தெரிகிறது. அப்புறம், மாலையில் வந்து பயிற்சி தரக்கூடிய முன்னாள் வீரர்கள் இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.