ஒட்டகச்சிவிங்கி ஓர் இனமா, நான்கா?

கேள்வி:
நைரோபியில் இருக்கும் என் தம்பி இரண்டு ஒட்டகச்சிவிங்கிப் படங்கள் அனுப்பினான். கென்யாவின் வடக்கே சம்புருவில் எடுத்ததில் செங்கல் நிறக் கட்டங்களுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடுகள், தரை ஓடு பதித்ததுபோல. மசாய் மாராவில் எடுத்ததில் திட்டுகளின் ஓரம் பூச்சி அரித்த இலைபோல் இருக்கிறது. இரண்டும் வேறு இனம் என்று சாதிக்கிறான். சட்டை மாறினால் ஆள் மாறிவிடுவாரா?

பதில் 1:
சட்டையை வைத்துச் சொல்லவில்லை, ஐயா. 2016இல் வெளிவந்த மரபணு ஆய்வு வடக்கு, தெற்கு, வலைக்கோட்டு, மசாய் என நான்கு இனங்களைப் பிரித்தது. 2025இல் ஐயூசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் அதை ஏற்றுக்கொண்டது. தம்பி சொல்வது சரி.

பதில் 2:
விலங்குக் காட்சிசாலைகளில் இவை கலந்து குட்டி போடுகின்றனவே?

பதில் 1:
ஒரே வேலிக்குள் அடைத்தால் வேறென்ன செய்யும்? கென்யாவில் மூன்று வகைகள் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தும் காட்டில் கலப்பது அரிது.

பதில் 3:
மசாய் இனத்துக்குள்ளேயே பிளவு உண்டு. தான்சானியாவின் பிளவுப் பள்ளத்தாக்குச் சரிவு அவற்றுக்குச் சுவர். அந்த நெட்டைக் கால்களால் செங்குத்துப் பாறையில் ஏற முடியாது. நைஜரில் இருப்பவை வடக்கு இனத்தைச் சேர்ந்தவை. 1990களின் நடுவில் 49தான் மிஞ்சின, இப்போது அறுநூறுக்கும் மேல். அத்தனையும் அந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவை.

கேள்வி கேட்டவர்:
சரி, தம்பிக்குப் பிரியாணி வாங்கித்தர வேண்டியதுதான். பந்தயம் அப்படி.