28 நிமிட ஆவணப்படத்தை விழாக்களுக்காக 15 நிமிடமாகக் குறைக்கலாமா?

முதல்படம்:
வணக்கம். கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரைப் பற்றி, லீவு கிடைத்த நாட்களில் எல்லாம் போய்ப் போய் இரண்டு வருடமாக எடுத்த ஆவணப்படம் ஒருவழியாக எடிட் முடிந்து 28 நிமிடத்தில் நிற்கிறது. பார்த்த நண்பர்கள் இருவரும் படம் பிடித்திருக்கிறது, ஆனால் இந்த நீளத்துக்கு எந்த விழாவும் எடுக்காது, 15க்குள் கொண்டுவா என்கிறார்கள். கேன்ஸ் குறும்படப் போட்டிக்கு 15 நிமிடம்தான் வரம்பு என்று எனக்கும் தெரியும். ஆனால் என் படத்தில் நாலு நிமிடத்துக்கு ஒரே ஷாட் ஒன்று ஓடுகிறது. கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு அவர் முடி கனத்தில் இருக்கும் ஒரு ஸ்பிரிங்கைப் பொருத்தப் பார்க்கிறார், இரண்டு முறை நழுவுகிறது, மூன்றாவது முறை உட்கார்ந்து கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. 15 நிமிடம் என்றால் முதலில் போவது அதுதான், அதை நினைத்தால் மனசு ஆறவில்லை. அனுப்பிப் பழகியவர்கள் சொல்லுங்கள். விழா முடிவு வரும்வரை யூடியூபில் போட்டு வைக்கலாமா என்பதும் தெரியவேண்டும்.

மூன்றாம்வரிசை:
ஒரு விழாவின் முதற்கட்டத் தேர்வுக் குழுவில் மூன்று வருடம் படம் பார்த்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். நீளம் பிரச்சினைதான், ஆனால் உங்கள் நண்பர்கள் நினைக்கிற காரணத்தால் அல்ல. குறும்படங்களைத் தனித்தனியாகத் திரையிடுவதில்லை, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத் தொகுப்பாகக் கோர்ப்பார்கள். அதில் 28 நிமிடப் படம் ஒன்று வந்தால் இரண்டு மூன்று சின்னப் படங்களுக்கு இடமில்லாமல் போகும், அப்போது மேஜையில் யாராவது ஒருவர் இந்தப் படத்துக்காக விடாமல் வாதாட வேண்டும். அப்படி வாதாட வைப்பது அந்த நாலு நிமிட ஷாட் மாதிரியான ஒன்றுதான், அதைத் தொடாதீர்கள்.

வெட்ட வேண்டியது பெரும்பாலும் தொடக்கத்தில் இருக்கும். லோகோ, நன்றி கார்டு, டிரோன் ஷாட், ஊர் விழிப்பது, பிறகு ஒருவர் உட்கார்ந்து தன் பெயரைச் சொல்வது, இப்படி மூன்று நிமிடம் போய்விடும். ஒரே நாளில் இருபது படம் பார்க்கும் ஆளுக்கு அந்த மூன்று நிமிடத்தில் உங்கள் பெரியவரின் கை ஒரு தடவையாவது கண்ணில் பட்டிருக்க வேண்டும். அப்புறம், பேட்டியில் ஒருவர் சொன்னதையே இன்னொருவர் சொல்லும் இடங்கள். அவற்றை எடுத்தாலே 28 என்பது 23 ஆகிவிடும், யாரும் எதையும் இழக்க மாட்டார்கள்.

வரம்பு எல்லா இடத்திலும் 15 இல்லை. பெர்லின் குறும்படப் பிரிவில் 30, சன்டான்ஸில் 50க்குள், ஆஸ்கரில் குறும்படம் என்றாலே டைட்டிலோடு சேர்த்து 40 நிமிடம் வரை.

தபால்பெட்டி:
அனுப்பும் வரிசையைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் என் முதல் படத்தை அங்கேதான் கெடுத்துக்கொண்டேன். விழாக்களுக்குப் படம் அனுப்பும் தளமான ஃபிலிம்ஃப்ரீவேயில் ஒரே ராத்திரியில் நாற்பது விழாவுக்கு அனுப்பினேன், பாதி விழா திரையிடலே நடத்தாதது. மாதாமாதம் விருது, ஐம்பது அறுபது பிரிவு, ஜெயித்தால் கோப்பைக்கும் நீங்களே பணம் கட்ட வேண்டும் என்று இருந்தால் விட்டுவிடுங்கள். போன வருட அட்டவணையை எடுத்து, எந்த அரங்கில் எத்தனை மணிக்கு எந்தப் படம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அது இல்லாத இடத்துக்குக் கட்டணம் கட்டாதீர்கள்.

ஆவணப்படம் என்பதால் ஆம்ஸ்டர்டாமில் நவம்பரில் நடக்கும் இட்ஃபா, 1955இல் தொடங்கிய லைப்சிக் விழா இரண்டையும் முதலில் பாருங்கள். குறும்படத்துக்கென்றே இருப்பதில் ஓபர்ஹவுசன் 1954இல் இருந்து நடக்கிறது, கிளெர்மான் ஃபெரான் ஜனவரி கடைசியில் தொடங்கும். பிரீமியர், அதாவது முதல் திரையிடல் தங்களிடமே இருக்க வேண்டும் என்று கேட்கும் விழா எதுவோ அதற்கு முதலில், கேட்காதவற்றுக்கு அப்புறம். கடைசித் தேதி நெருங்க நெருங்க கட்டணம் ஏறும், அதனால் பட்டியலை இப்போதே போட்டுவிடுங்கள். யூடியூப் வேண்டவே வேண்டாம், விமியோவில் பாஸ்வேர்டு போட்டு வையுங்கள், அனுப்பிய பிறகு அந்தப் பாஸ்வேர்டை மாற்றிவிடாதீர்கள்.

ஒலிமேசை:
அந்தக் கடையில் ரேடியோ ஓடுகிறதா? கேட்கக் காரணம் இருக்கிறது. பின்னணியில் சினிமாப் பாட்டு லேசாகக் கேட்டால்கூட, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனியாக ஓர் உரிமை, இரண்டும் வாங்கியிருக்க வேண்டும். விண்ணப்பத்திலேயே எல்லா உரிமையும் என்னிடம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுதான் அனுப்புகிறீர்கள்.

இன்னொன்று, வினாடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்திருந்தால், தியேட்டரில் ஓட்டுவதற்கான டிஜிட்டல் பிரதியான டிசிபிக்காக 24க்கு இறக்கும்போது படம் நாலு சதவீதம் நீளும், சரிசெய்யாவிட்டால் குரலும் கொஞ்சம் தடிக்கும். தேர்வான பிறகு அவசரத்தில் செய்யாமல் இப்போதே ஒரு முறை செய்து, முடிந்தால் ஒரு தியேட்டரில் போட்டுக் கேளுங்கள். ஹெட்ஃபோனில் துல்லியமாகக் கேட்ட அந்த டிக் டிக், பெரிய அரங்கில் ஏசி சத்தத்தில் காணாமல் போகலாம்.

முதல்படம்:
எல்லாருக்கும் நன்றி. ரேடியோ ஓடுகிறது, அந்த நாலு நிமிட ஷாட்டிலேயே பாட்டு கேட்கிறது. இதை நான் யோசிக்கவே இல்லை. தொடக்கத்தையும் பேட்டிகளையும் குறைத்துப் பார்த்தேன், 22 நிமிடம் 40 வினாடி வருகிறது, ஷாட் அப்படியே இருக்கிறது.

ஒலிமேசை:
அந்த ஷாட்டில் அவர் பேசுகிறாரா?

முதல்படம்:
இல்லை, ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

ஒலிமேசை:
அப்படியென்றால் தப்பித்தீர்கள். அந்த ஷாட்டின் சத்தத்தை முழுக்கத் தூக்கிவிட்டுப் புதிதாகக் கட்டலாம். ரேடியோவை நிறுத்தச் சொல்லி, யாரும் பேசாமல் கடையின் வெறும் சத்தத்தை ஐந்து நிமிடம் எடுங்கள். அதே வேலையை அவர் இன்னொரு முறை செய்யட்டும், மைக்கை மேஜைக்குப் பக்கத்தில் வைத்து இடுக்கி, மூச்சு, கடிகாரம் மூன்றையும் தனித்தனியாகப் பிடியுங்கள்.

முதல்படம்:
சரி, ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அவர் இன்னும் படத்தைப் பார்க்கவில்லை, லேப்டாப்பையும் எடுத்துப் போய் அவருக்கு முதலில் போட்டுக் காட்டிவிட்டு அப்புறம் ரெக்கார்டிங்கை வைத்துக்கொள்கிறேன்.