கச்சேரி மேடையில மனசை விட்டுப் போகாத ஒரு நிமிஷம், உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கரூர் ரிதம்

நான் ஆக்டோபேட் (குச்சியால தட்டுற எலக்ட்ரானிக் ட்ரம் பேட்) வாசிக்கிறவன், 22 வருஷம் ஆச்சு. போன தை மாசம் வேலாயுதம்பாளையம் பக்கம் ஒரு ரிசப்ஷன். 9 பேருன்னு பேசி அட்வான்ஸ் வாங்கினோம், அப்புறம் 6 ஆச்சு, கடைசில டிஜே வேற வர்றாரு ஸ்டேஜ்ல இடம் இல்ல, முன்னாடியே ரெக்கார்ட் பண்ணின மியூசிக் ட்ராக் போட்டுப் பாடிக்கங்கன்னு முடிஞ்சுது. இதெல்லாம் எல்லாருக்கும் நடக்குறதுதான், நான் சொல்ல வந்தது அது இல்ல.

எங்க டோலக் அண்ணன். 40 வருஷக் கை. வீடியோல ஸ்டேஜ் காலியா தெரியுது, ஒரு டோலக்காவது உக்காந்திருக்கட்டும்னு பொண்ணு வீட்ல சொல்லிட்டாங்க. மிக்ஸர்ல அவருக்கு சேனல் கிடையாது, மைக் கிடையாது, சும்மா கையை ஆட்டினா போதும்னு எங்க மியூசிக் பார்ட்டி ஓனரே சொல்லிட்டாரு. அவரு ஒண்ணும் சொல்லல. போல்ட்டைத் திருகி ஸ்ருதி சேர்த்தாரு. மைக் இல்லாத டோலக்குக்கு ஸ்ருதி சேர்க்குறாரேன்னு நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.

பாட்டு ஆரம்பிச்சதும் நிஜமாவே வாசிக்க ஆரம்பிச்சுட்டாரு. நான் ரெண்டடி தள்ளி உக்காந்திருந்ததால எனக்கு மட்டும் கேட்டுது. ட்ராக்ல லூப் ஒரே மாதிரி போய்ட்டே இருக்கு, இவரு மட்டும் ரெண்டாவது சரணத்துல பாடுற பையன் மூச்சு எடுக்குற இடத்துல கையை எடுத்து, அவன் திரும்ப எடுக்குறப்ப இடது கையில தோலை அழுத்தி இழுத்து ஒரு கும்கி போட்டு சமத்துல, தாளம் தொடங்குற இடத்துல, வந்து உக்காந்தாரு. அது பாடுற பையனுக்கும் கேக்கல, கீழ சாப்பிட்டுட்டு இருந்த 600 பேருக்கும் கேக்கல. 14 பாட்டு, ஒரு பாட்டுல கூட கையை சும்மா ஆட்டல.

முடிச்சு கவர் போடுறப்ப என்கிட்ட கேட்டாரு, "ஏசிக்கு தோல் இறுகி மூணாவது பாட்டுல ஸ்ருதி ஏறிப்போச்சு தம்பி, கேட்டுச்சா உனக்கு?"ன்னு. எனக்கு வாயே வரல. மூணு மாசம் ஆச்சு, இன்னும் அந்தக் கேள்வி காதுலயே இருக்கு. உங்களுக்கு இப்படி ஏதாவது இருந்தா எழுதுங்க.

மதுரை பாடகி

படிச்சதும் அழுதுட்டேன் அண்ணா. என்னோடது மேலூர் பக்கம் ஒரு கிராமம், பங்குனிப் பொங்கல். 7 மணி கச்சேரி, வழக்கம்போல பொன்னாடை, அன்பளிப்பு அறிவிப்பு, உபயதாரர் பேரு வாசிக்கிறதுன்னு 9 மணி தாண்டித்தான் மைக் எங்க கைக்கு வந்துச்சு. நான் பாட வந்த புதுசுல விடிய விடியக் கச்சேரி பாத்த ஊருங்க இதெல்லாம். மூணு சாமி பாட்டு, அப்புறம் பழசு, அப்புறம் டூயட்டு, குத்துப்பாட்டெல்லாம் 12 மணிக்கு மேலதான். இப்ப ஒரு மணி நேரத்துக்குள்ள எல்லாத்தையும் திணிக்கணும், அதனால மெலடிதான் முதல்ல போகுது. எங்களை மாதிரி ஃபீமேல் சிங்கருக்கு தனிப் பாட்டு ஒண்ணு கிடைச்சா பெரிசு.

அன்னைக்கு துண்டுச் சீட்டு ஒண்ணு வந்துச்சு, காலண்டர் தாள்ல எழுதி மடிச்சு. சுசீலாம்மா பாட்டு. கமிட்டிக்காரங்க வேணாம் வேணாம்னு கையைக் காட்டுறாங்க, நான் எடுத்துட்டேன். முதல் சரணம் பாதில இருக்கேன், கரெக்டா 10 மணி, ஏட்டய்யா வந்து மைக்செட்காரர்கிட்ட சொல்ல, டக்குனு சவுண்ட் போச்சு. தபேலா அண்ணன் ரெண்டு சுத்து வாசிச்சு நிறுத்திட்டாரு. எல்லாரும் எழுந்திரிச்சு பாயைச் சுருட்ட ஆரம்பிச்சுட்டாங்க. முன்வரிசைல ஒரு பாட்டி, கண்ணை மூடிக்கிட்டு, நான் விட்ட வரில இருந்து பாடிட்டு இருக்காங்க. சவுண்ட் நின்னதே அவங்களுக்குத் தெரியல. வார்த்தை ஒண்ணு கூட மாறல.

நான் மேடை விளிம்புல உக்காந்து மைக் இல்லாம அவங்க கூடச் சேர்ந்து மிச்சத்தைப் பாடி முடிச்சேன். ஏட்டய்யா நின்னு கேட்டுட்டுத்தான் போனாரு. அந்தச் சீட்டு அந்தப் பாட்டி குடுத்து விட்டதான்னு கேக்காம வேன்ல ஏறிட்டேன், அதுதான் இன்னைக்கு வரைக்கும் உறுத்துது.

மைக்செட் தென்காசி

தங்கச்சி சொன்ன கதைல மைக்செட்காரன் மேல ஒரு சின்னக் கோபம் தெரியுது, அதனால இதைச் சொல்லியாகணும். நாங்க வேணும்னு ஆஃப் பண்றதில்லம்மா. சத்தம் சம்பந்தமா 2000-ல மத்திய அரசு கொண்டு வந்த விதி இருக்கு, ராத்திரி 10 மணில இருந்து காலைல 6 மணி வரைக்கும் வெளியிடத்துல லவுட்ஸ்பீக்கர் கூடாது. 2005-ல சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதியா சொல்லிடுச்சு. குடியிருப்புப் பகுதின்னா பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. 45 டெசிபல்ல நீங்க பாட்டுக் கச்சேரி இல்ல, பேசவே முடியாது. மூடின மண்டபத்துக்குள்ள நடந்தா அது வேற கணக்கு, அதனாலதான் ரிசப்ஷன் எல்லாம் தப்பிக்குது, கோயில் திடல்தான் மாட்டிக்குது.

ஆனா அதே விதில, திருவிழா கலாச்சார நிகழ்ச்சிக்கு 12 மணி வரைக்கும் தளர்வு குடுக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல கூடாது. நம்ம ஊரு கமிட்டிக்காரங்க இதை நம்பி உக்காரக் கூடாது, நம்ம கையில இருக்குறது ஆரம்பிக்கிற நேரம் மட்டும்தான். நோட்டீஸ்லயே 6 மணின்னு போடுங்க, பொன்னாடையை இடைவேளைல வெச்சுக்கங்க, அக்ரிமெண்ட்ல "மைக் பாடகர் கைக்கு வரும் நேரம்"னு தனியா ஒரு வரி எழுதி கையெழுத்து வாங்குங்க. ஸ்டேஷன்ல எழுத்து மூலமா பர்மிஷன் வாங்கி, ஜெராக்ஸ் ஒண்ணு மிக்ஸர் பக்கத்துலயே இருக்கணும். பாக்ஸை மரத்துல கட்டாம தரையோட வெச்சு கூட்டத்தைப் பாத்து சாய்ச்சு வையுங்க, தெருவுக்குப் போற சத்தம் குறையும். கூம்பு கட்டவே கட்டாதீங்க, பாத்தாலே அவுக்கச் சொல்லிடுவாங்க.

என் கதைன்னா, ஒரு தடவை கமிட்டிக்காரங்க பேச்சைக் கேட்டு 10:40 வரைக்கும் ஓட்டினேன், ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிட்டுப் போய்ட்டாங்க. மூணு மாசம் கழிச்சு எடுக்கப் போறேன், அது மேல குளவி கூடு கட்டியிருந்துச்சு. கடன்ல வாங்கின ஆம்ப்ளிஃபையர்.

மதுரை பாடகி

அண்ணே உங்க மேல எனக்குக் கோபமே இல்ல. நான் அந்தப் பாட்டியைப் பத்திச் சொன்னேன், பர்மிஷன் பத்திக் கேக்கல. ஆனா அந்த அக்ரிமெண்ட் வரி நல்லா இருக்கு, எங்க ஓனர்கிட்ட சொல்றேன்.

தேரா கீபோர்ட்

நான் துபாய் தேராவுல ஒரு ஹோட்டல் கிளப்ல 6 வருஷம் கீபோர்ட். ராத்திரி 9-ல இருந்து 3 மணி வரைக்கும், வாரத்துல ஆறு நாள். தமிழ் கிளப், பக்கத்து மாடில மலையாளம், அதுக்கும் மேல ஹிந்தி, லிஃப்ட்ல போறப்ப ஒவ்வொரு மாடிலயும் ஒரு பாட்டு கேக்கும். அப்ப ரமலான் மாசம் மியூசிக் கிடையாது, அந்த மாசம் சம்பளமும் பாதிதான், அதை நம்பி ஊருக்கு டிக்கெட் போட முடியாது. அங்க கிளப்ல மாலை வாங்கிப் போடுற பழக்கம் உண்டு, கஸ்டமர் காசு குடுத்து பாடுற பொண்ணுங்களுக்கு மாலை, கிரீடம்னு போடுவாங்க, எந்தப் பொண்ணுக்கு எத்தனைன்னு நோட்டுல எழுதி வெப்பாங்க. இன்ஸ்ட்ருமெண்ட் வாசிக்கிறவனை யாரும் திரும்பிக் கூடப் பாக்க மாட்டாங்க, அது பரவாயில்ல, பழகிடும்.

ஒரு வியாழக்கிழமை 2 மணிக்கு மேல ஒருத்தர் நேரா என்கிட்ட வந்தாரு. புதுக்கோட்டைப் பக்கம், டிரெய்லர் ஓட்டுறவரு, கழுத்துல கம்பெனி ஐடி கார்டு கூட எடுக்கல. ராஜா சார் 80கள்ல போட்ட ஒரு பாட்டு சொல்லி, "பாட்டு வேணாம் தம்பி, ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி ஒரு புல்லாங்குழல் வருமே, அது மட்டும்"னாரு. பாட்டைப் பாடாம பிஜிஎம் மட்டும் யாருமே கேட்டதில்ல. புல்லாங்குழல் டோன் எடுத்து வாசிச்சேன், 20 செகண்ட் இருக்கும். அவரு கீபோர்ட் ஸ்டாண்டைப் பிடிச்சுட்டு தலை குனிஞ்சு நின்னாரு. இன்னொரு தடவைன்னாரு. மூணு தடவை வாசிச்சேன், அதுக்குள்ள மேனேஜர் கையைக் காட்டிட்டாரு. 20 திர்ஹாம் நோட்டை கீபோர்ட் மேல வெச்சாரு, நான் வேணாம்னேன், கேக்கல.

2020 மார்ச்ல எல்லாம் மூடினதும் ஊருக்கு வந்துட்டேன், திரும்பப் போகல. அந்த நோட்டை மாத்தவே இல்ல, கீபோர்ட் பைல அப்படியே இருக்கு. 6 வருஷத்துல நான் வாசிச்சதை ஒருத்தர் கேட்டதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி.

ஓசூர் பேஸ்

நாங்க ஓசூர்ல இருந்து பெங்களூர் போய் வாசிக்கிற நாலு பேர் பேண்ட், பேஸ் நான். தமிழ்நாட்டுல பப் லைசன்ஸ் பெரும்பாலும் ஸ்டார் ஹோட்டலுக்கும் கிளப்புக்கும்தான், சின்ன பேண்டை அங்க உள்ளயே விட மாட்டாங்க, அதனால எல்லாருக்கும் பெங்களூர்தான். இந்திராநகர், கோரமங்களா, வாரத்துல ரெண்டு மூணு ஷோ ஓடிட்டு இருந்துச்சு.

பெங்களூர் போலீஸ் 2005-ல போட்ட லைசன்ஸ் ஆர்டர் செல்லும்னு 2018 ஜனவரில சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. பொது கேளிக்கை இடம்னு தனி லைசன்ஸ், அதுக்கு பில்டிங் ஓசி (கட்டி முடிச்சு குடியேறலாம்னு குடுக்குற சர்டிபிகேட்) வேணும், அந்த ஊர்ல பாதி பில்டிங்குக்கு ஓசி ஏது. கொஞ்ச மாசத்துலயே போலீஸ் இறங்கிட்டாங்க, ஒரே வாரத்துல எங்களுக்கு அஞ்சு ஷோ கேன்சல். கடைசியா நடந்ததுல நாங்க சவுண்ட் செக் முடிச்சுட்டோம், டேபிள் எல்லாம் ஃபுல், மேனேஜர் ஓடி வந்து ட்ரம் கிட்டை இறக்குங்கன்னாரு. ட்ரம்மர் சிம்பலைக் கழட்டிட்டு இருக்கான், ஒவ்வொரு விங்நட்டா எடுத்து சட்டைப் பைல போடுறான், அப்ப மேனேஜர் தன் போனை சொருகி பாட்டுப் போட்டாரு. நாங்க ஓப்பனிங்ல வாசிக்க வெச்சிருந்த அதே பாட்டு. எங்க சவுண்ட் செக்கை விட அதிக சத்தத்துல. ஒரு டேபிள்ல கூட யாரும் பேண்ட் எங்கன்னு கேக்கல, அந்தப் பாட்டுக்குக் கை தட்டினாங்க. ட்ரம்மர் அந்த மாசமே கிட்டை வித்துட்டு அவங்க அப்பா ஹார்டுவேர் கடைல உக்காந்துட்டான்.

ட்ராக் ரூம் ஈரோடு

கரூர் அண்ணா, உங்க டோலக் அண்ணன் கதை படிச்சு மனசு கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா ட்ராக்கை வில்லனாக்கிடாதீங்க. நான் மைனஸ் ஒன் ட்ராக் (பாடகர் குரல் இல்லாம மியூசிக் மட்டும்) பண்ணித்தான் குடும்பம் நடத்துறேன். 12 பேர் பார்ட்டிக்கு வேன் வாடகை, சாப்பாடு, சவுண்ட் சேர்த்து கல்யாண வீட்டுக்காரரால குடுக்க முடியல, அவரும் மண்டபத்துக்கே லட்சக்கணக்குல குடுக்குறாரு. ட்ராக் இல்லன்னா அந்தப் பாடுற பையனுக்கும் மேடை இருந்திருக்காது. ஆக்டோபேட் வந்தப்பவும் ட்ரம்ஸ்காரங்க இதேதான் சொன்னாங்கன்னு என் குருநாதர் சொல்லுவாரு, நீங்க வாசிக்கிறதும் அதுதானே அண்ணா. தப்பா எடுத்துக்காதீங்க.

ஆனா எனக்கும் ஒண்ணு இருக்கு. நாலு வருஷம் முன்னாடி ஒரு ஃப்ளூட் ஐயாவைக் கூப்பிட்டு ஒரு பாட்டுக்கு மூணு பிட் எடுத்தேன், 1,500 ரூபா குடுத்தேன், சந்தோஷமா வாங்கிட்டுப் போனாரு. அந்த ட்ராக் நல்லா ஓடுச்சு, கோபி, பவானி, சத்தி எங்க போனாலும் அதைப் போட்டுத்தான் பாடுறாங்க. ஒரு கோயில் திருவிழால பாத்தேன், அந்த ஐயா கூட்டத்துல நின்னு கேட்டுட்டு இருக்காரு. அந்த பிட் வர்றப்ப அவரு விரல் வேட்டி மேல தன்னால ஓடுது. கச்சேரிக்குக் கூப்பிட்டு எத்தனை மாசம் ஆச்சுய்யான்னு கேட்டேன், எட்டு மாசம்னாரு. அவரு வேலையை அவரு மூச்சை வெச்சே நான் எடுத்துட்டேன்னு அப்ப தோணுச்சு. இப்ப ட்ராக் பண்றப்ப ஃப்ளூட் இல்லாம ஒண்ணு, இருக்குற மாதிரி ஒண்ணுன்னு ரெண்டு போட்டுக் குடுக்குறேன், ஐயாவைக் கூப்பிடுறவங்க முதல்ல சொன்னதை எடுத்துக்கலாம். இதுவரைக்கும் ரெண்டு பார்ட்டிதான் கேட்டு வாங்கினாங்க.

மைக்செட் தென்காசி

தம்பி, ட்ராக் விக்கிறப்ப ராயல்டி விஷயமும் பாத்துக்க. 2017-ல எஸ்பிபி சாருக்கே, அனுமதி இல்லாம ராஜா சார் பாட்டைப் பாடக் கூடாதுன்னு அமெரிக்கா டூர் நடுவுல நோட்டீஸ் வந்துச்சு. கல்யாணத்துலயும் கல்யாணம் சார்ந்த சடங்குலயும் பாடுறதுக்கு காப்பிரைட் சட்டம் 52-வது பிரிவுல விலக்கு இருக்கு, 2023 ஜூலைல மத்திய அரசே அதை அறிவிப்பா சொல்லிடுச்சு, மண்டபத்துல வந்து யாராவது காசு கேட்டா அதைக் காட்டுங்க. ஆனா ஹோட்டல்ல டிக்கெட் போட்டு நடத்துற ஷோவுக்கு அது செல்லாது, பாட்டை ரெக்கார்ட் பண்ணி விக்கிறதுக்கும் செல்லாது.

கரூர் ரிதம்

ஈரோடு தம்பி, தப்பா எடுக்கல. ட்ரம்ஸ்காரர் இடத்துலதான் நான் உக்காந்திருக்கேன், அது எனக்கும் தெரியும். எங்க பார்ட்டில ட்ரம்ஸ் வாசிச்சவரு இப்ப குளித்தலைல ஆட்டோ ஓட்டுறாரு, பாத்தா நிறுத்திப் பேசுவாரு.

தனி மெசேஜ்ல ஒருத்தர் கேட்டிருந்தாரு, டோலக் அண்ணன் இப்ப என்ன பண்றாருன்னு. எங்க கூடத்தான் இருக்காரு. போன வாரம் ஷூர் எஸ்எம் 57 மைக் ஒண்ணு என் காசுல வாங்கிட்டேன். மிக்ஸர்ல சேனல் இல்லன்னு சொல்றதுதானே எப்பவும் பிரச்சனை, என் பேடுக்கு லெஃப்ட், ரைட்னு ரெண்டு சேனல் போகுது, மோனோல போட்டா ஒண்ணு மிச்சம். வர்ற ஞாயித்துக்கிழமை முசிறில ஒரு வளைகாப்பு, ட்ராக்தான், அந்த மிச்சமான சேனல்ல அண்ணனைப் போடப் போறேன். ஓனர்கிட்ட இன்னும் சொல்லல, அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிட்டேன். டோலக் தோலை மாத்தணும், ரெண்டு நாள் டைம் குடுன்னாரு.