புதுப்பிப்பு: ஐசியுவுக்குப் போக பயிற்சி முதலிலா, இடமாற்றம் முதலிலா?

பொது வார்டு செவிலியரான நான் ஐசியுவுக்குப் போக ஏசிஎல்எஸ் (இதயம் நின்றுபோனவரை மீட்கும் உயர்நிலைச் சிகிச்சை) பயிற்சியை முதலில் முடிப்பதா, இடமாற்றம் கேட்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சான்றிதழை வாங்கி வைக்கச் சொன்னீர்கள். சரி, நைட் டியூட்டி முடித்த கையோடு வகுப்புக்கு ஓடி வாங்கிவிட்டேன். இடமாற்றம்தான் வரவில்லை. வார்டில் ஆள் இல்லையாம். சான்றிதழோ 2 வருடம்தான் செல்லும்.

ஆனால் உருப்படியாக ஒன்று நடந்தது. பயிற்சி கொடுத்த அக்கா, மூச்சை முழு நிமிடம் எண்ணச் சொல்லி உயிரை எடுத்தார். 18, 20 என்று குத்துமதிப்பாக எழுதிவிட்டுப் போவது நம் எல்லாருக்கும் தெரிந்த கதைதானே! ஒரு இரவு, பிபியும் பல்ஸும் ஒழுங்காக இருந்த ஒருவருக்கு எண்ணினால் 26. நோயாளி மோசமாகிறாரா என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கும் நியூஸ்2 கணக்கில் மூச்சு 25-ஐத் தொட்டாலே அதற்கு மட்டும் 3 மதிப்பெண். அவசரமாகப் பார்த்தாக வேண்டும். நோயாளியைப் பற்றி வரிசையாகத் தகவல் சொல்லும் எஸ்பார் முறைப்படி நிலைமை, பின்னணி, என் கணிப்பு மூன்றையும் டாக்டரிடம் போனில் சொன்னேன். நான்காவது, நமக்கு என்ன வேண்டும் என்று கேட்பது. அங்கேதான் நாக்கு எழாது. "இப்பவே வந்து பாருங்க டாக்டர்" என்றேன். முணுமுணுத்தார், ஆனால் வந்தார். நிமோனியா, விடிவதற்குள் ஆன்டிபயாடிக் ஏறிவிட்டது.

மேற்படிப்பு பற்றிக் கேட்டவர்களுக்கு: இப்போதைக்கு இல்லை. அடுத்த மாதம் இடமாற்றத்துக்கு மறுபடி எழுதிக் கொடுக்கிறேன்.