கோழி இரை எடுக்கவில்லை, தீனிப்பையும் காலியாகவில்லை. என்ன செய்யலாம்?

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் இருக்கிறோம். செல்லமாக வளர்க்கும் நாட்டுக்கோழி ஒன்று இந்த வாரம் சரியாக இரை எடுப்பதில்லை. கம்பு போட்டால் வருகிறது. ஒன்றிரண்டைக் கொத்தி உதறிவிட்டு, சிறகைத் தளர விட்டபடி சுவரோரம் போய் நின்றுகொள்கிறது. தண்ணீர் மட்டும் குடிக்கிறது.

இன்று காலை கூண்டைத் திறந்ததும் கழுத்துக்குக் கீழே இரை தங்கும் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தேன். ராத்திரியிலேயே காலியாகியிருக்க வேண்டும், ஆனால் தண்ணீர்ப் பை மாதிரி தளதளவென்று இருக்கிறது. வாயில் புளித்த வாடை. உள்ளே வெள்ளைப் படலம் எதுவும் இல்லை. எச்சம் பச்சையாக, கொஞ்சமாகப் போகிறது. பட்டினி கிடக்கும் கோழிக்கு அப்படிப் போவது உண்டுதான், இருந்தாலும் வெள்ளைக்கழிச்சலோ (ராணிக்கெட் நோய்) என்று பயம். ராணிக்கெட் தடுப்பூசி போட்டாச்சு. கழுத்துத் திருகல், மூச்சிரைப்பு இல்லை. மற்ற கோழிகள் நன்றாக மேய்கின்றன. இதை மட்டும் பிரித்து, சாக்கு விரித்த பெட்டியில் குண்டு பல்பு போட்டு வைத்திருக்கிறேன். இந்தப் பனியில் சூடு இல்லாமல் தாங்காது.

தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வை என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. மூச்சுக்குழாயில் ஏறினால் கோழி போய்விடும், அதைச் செய்யப்போவதில்லை.

இன்று ஞாயிறு, கால்நடை மருந்தகம் நாளைதான். அதுவரை தீனியை நிறுத்தி வைக்கலாமா, இல்லை குழைந்த சோறு கொஞ்சம் கொடுக்கலாமா? இதே பிரச்சினை வந்தவர்களுக்கு டாக்டர் என்ன மருந்து கொடுத்தார்? குன்னூர், ஊட்டியில் கோழி பார்க்கும் டாக்டர் இருந்தாலும் சொல்லுங்கள்.