கடலோர ஈரத்தில் வாட்டர்கலர் தாள் கெடுகிறது, யாராவது வழி சொல்லுங்களேன்

ஐஸ் பிளாண்ட்டுகளில் கம்ப்ரசர் சர்வீஸ் பார்க்கிறேன், தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன் என்று எப்போதும் அலைச்சல்தான். வேலை முடிந்த சாயங்காலம் கரையில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு டீயை வைத்துக்கொண்டு வள்ளங்களை வரைவது எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதுதான் இப்போது கெட்டுக்கொண்டிருக்கிறது.

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம், நல்ல தடிமன்), முழுப் பருத்தி, கோல்டு பிரஸ் (லேசான சொரசொரப்பு உள்ளது), ஏ5 நோட்டு. ஐப்பசி மழை ஆரம்பித்ததிலிருந்து கலர் மேலே நிற்காமல் அங்கங்கே ஒற்றுத்தாள் மாதிரி உறிஞ்சிக்கொள்கிறது. நேற்று பாம்பன் புதுப் பாலத்தின் தூக்குப் பகுதிக்குப் பின்னால் வானத்துக்கு வெளிர்நீலத்தை ஒரே வீச்சில் இழுத்தேன், காய்ந்ததும் பார்த்தால் வானம் முழுக்கக் கடுகளவு கருநீலப் புள்ளிகள், அதை எடுக்கவே முடியவில்லை.

இதே நோட்டில் இன்னொன்று மதுரை வீட்டில் இருக்கிறது, அதில் இதே கலர், இதே பிரஷ், ஒரு குறையும் இல்லை. ஆக, கலரைச் சட்டென்று உறிஞ்சாமல் இருக்கத் தாளில் பூசியிருக்கும் ஜெலட்டின் பசை ஈரத்தில் போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். இங்கே தண்ணீரில் உப்பு இருக்குமே என்று கேன் தண்ணீருக்கு மாறினேன். ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தேன், லாட்ஜ் ஃபேனுக்கு அடியில் ராத்திரி முழுக்க விரித்தும் வைத்தேன், அப்புறம் ஹேர் டிரையரும் காட்டியாச்சு. எதுவும் உதவவில்லை.

இந்தத் தாளின் மேல் வீட்டிலேயே ஜெலட்டின் கரைத்துப் பூசினால் மறுபடி கலர் நிற்குமா?