லயத்து வீட்டுப் பிரச்சினையை ஐ.நா. குழு வரை கொண்டுபோவது எப்படி?

பதுளைக்கொழுந்து:

வணக்கம். பதுளைப் பக்கம் மூன்று தேயிலைத் தோட்டங்களின் லயங்களை, அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்து, பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான ஐ.நா. குழுவுக்கு அனுப்ப யோசனை. வீடு, தண்ணீர், மலசலகூடம், காணி உறுதி (நில உரிமைப் பத்திரம்), இந்த நான்கும்தான் விஷயம். அங்கே முறைப்பாடு செய்ய முடியுமா, அறிக்கை மட்டும்தானா? என்ன எழுதினால் எடுத்துப் படிப்பார்கள்? இந்திய உதவியில் கட்டிய வீடுகளுக்கு உறுதி கிடைக்காத சங்கதியையும் அதிலேயே சேர்க்கலாமா? வேலை தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

நிழலறிக்கை:

முறைப்பாடு முடியாது. அந்தக் குழு கண்காணிக்கும் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையில் இலங்கை 1980-இல் சேர்ந்தது. ஆனால் தனிநபர் முறைப்பாட்டுக்கு வழிவிடும் விருப்ப நெறிமுறையில் சேரவில்லை. 2008-இல் நிறைவேறி 2013-இல் நடைமுறைக்கு வந்த நெறிமுறை அது. ஆகவே இந்தக் குழுவிடம் நமக்குள்ள வழி இணை அறிக்கைதான், வழக்கமாக நிழல் அறிக்கை என்போமே, அது.

அனுப்பும் நேரத்தில்தான் பலர் தவறவிடுகிறார்கள். அறிக்கை கொடுக்க இரண்டு கட்டம் உண்டு. அரசிடம் கேட்க வேண்டிய வினாப்பட்டியலை முன்னமர்வுப் பணிக்குழு தயாரிக்கும் நேரம் ஒன்று. அரசுக் குழு ஜெனீவாவில் நேரில் பதில் சொல்லும் அமர்வு மற்றொன்று. பலரும் இரண்டாவதற்கு மட்டும் அனுப்புவார்கள். வினாப்பட்டியலில் 'தோட்டக் குடியிருப்பு' என்ற சொல்லே இல்லையென்றால் அமைச்சு அதற்கான கணக்கைத் தூக்கிக்கொண்டு வராது. கேள்வி எழுந்தாலும் 'பிறகு எழுத்தில் தருகிறோம்' என்று முடித்துவிடுவார்கள். முதல் கட்டத்தில் நான்கு பக்கம் கொடுப்பது, இரண்டாவதில் நாற்பது பக்கம் கொடுப்பதைவிட மேல். கடைசித் தேதியும் பக்க வரம்பும் அந்தந்த அமர்வுக்கான அறிவிப்பில் இருக்கும். வரம்பை மீறாதீர்கள்.

குழுவில் 18 பேர். உடன்படிக்கையின் உறுப்புரைகளைப் பங்குபோட்டுக்கொண்டு கேட்பார்கள். எனவே தோட்டம் தோட்டமாக எழுதாமல் உறுப்புரை வரிசையில் எழுதுங்கள்: பாகுபாடு 2, கூலி 7, வீடும் தண்ணீரும் 11, சுகாதாரம் 12. ஒவ்வொரு தலைப்பின் கீழும் நிலைமை ஒரு பத்தி, ஆதாரம் ஒரு பத்தி, அரசிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று, பரிந்துரை ஒன்று.

'தோட்ட மக்களின் வாழ்க்கைத்தரம் உயர வேண்டும்' என்பது பரிந்துரை ஆகாது. நிறைவேறியதா இல்லையா என்று யாராலும் அளக்க முடியாது. 'லயங்களுக்குப் பதிலாகக் கட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும், கணவன் மனைவி இருவர் பெயரிலும், குடியேறி ஒரு வருடத்துக்குள் காணி உறுதி வழங்குக. வழங்கிய எண்ணிக்கையை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிடுக' என்று எழுதுங்கள். இப்படி எழுதினால் குழு அதை அப்படியே எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. எழுதத் தொடங்குமுன் இலங்கையைப் பற்றிக் குழு வெளியிட்ட முந்தைய முடிவுரைகளை, 2010 மீளாய்விலிருந்தாவது, ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

அளவுநாடா:

ஆதாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெரும்பாலான அறிக்கைகள் இங்கேதான் சறுக்குகின்றன.

படம் மட்டும் போதாது. லயத்தின் படத்தை எல்லோரும் பார்த்தாயிற்று. ஒரு லயத்துக்கு ஒரு தாள் போடுங்கள். காம்பரா (அறை) எத்தனை, குடும்பம் எத்தனை, ஆள் எத்தனை? காம்பராவின் நீள அகலத்தை நாடா பிடித்து உள்சுவரிலிருந்து அளக்க வேண்டும். இஸ்தோப்பை (முன்திண்ணையை) மறைத்து அடுப்படி ஆக்கியிருந்தால் அதைத் தனியாகக் குறியுங்கள், காம்பராக் கணக்கில் சேர்க்காதீர்கள். பத்துக்குப் பன்னிரண்டடி காம்பரா என்றால் 120 சதுர அடி. அதில் ஆறு பேர் படுத்தால் தலைக்கு 20 சதுர அடி. ஓர் அறைக்கு மூன்று பேருக்கு மேல் போனால் நெரிசல் என்பது ஐ.நா. குடியிருப்பு அமைப்பின் அளவுகோல். உங்கள் எண்ணை அதன் பக்கத்தில் வையுங்கள், வேறு விளக்கமே வேண்டாம்.

தண்ணீருக்கும் அப்படித்தான். 'பீலி (தண்ணீர் பிடிக்கும் இடம்) தூரம்' என்று எழுதாதீர்கள். குடம் எடுத்துக் கிளம்பியதிலிருந்து வரிசையில் நின்று திரும்பி வரும் வரை எத்தனை நிமிடம்? உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து நடத்தும் கண்காணிப்பில், வரிசையில் நிற்பது உட்பட 30 நிமிடத்துக்குள் இருந்தால்தான் 'அடிப்படை' வசதி. அதற்கு மேல் போனால் 'வரையறுக்கப்பட்டது' என்று ஒரு படி இறக்கிவிடுவார்கள். பல குடும்பம் பகிரும் மலசலகூடமும் அதே படிதான். காலை ஐந்து மணிக்கும் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் பதிய, போகும் நேரத்துக்கும் தனித்தனியாக நேரம் பாருங்கள். பகல் பதினொரு மணிக்குப் பார்த்தால் வரிசையே இருக்காது, கணக்குப் பொய்யாகிவிடும். வறட்சி மாதத்தில் ஒருமுறை, மழைக்காலத்தில் ஒருமுறை எடுங்கள்.

எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மோசமான லயங்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், அரசுத் தரப்பு நல்ல லயம் ஒன்றைக் காட்டி முழு அறிக்கையையும் தட்டிவிடும். லய இலக்க வரிசையில் ஒவ்வொரு மூன்றாவதையும் எடுப்பது போல ஒரு முறையை வைத்து, அதை இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.

அரசின் சொந்தத் தாளையும் சேருங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கேட்க வேண்டியவை: இந்தப் பிரிவில் மண்சரிவு அபாயம் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் கொடுத்த அறிக்கையின் பிரதி, கட்டிய வீடுகள், கொடுத்த உறுதிகள். 2014 ஒக்டோபர் 29-இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களையே மண் மூடியது. அதற்குப் பிறகும் எச்சரிக்கைத் தாள் ஒரு கோப்பில் தூங்குமானால், 11ஆம் உறுப்புரைக்கு அதைவிட வலுவான ஆதாரம் கிடையாது.

சட்டவாசகி:

இந்தக் குழுவில் முறைப்பாடு இல்லை என்பது சரி. ஆனால் வேறு வழி இருக்கிறது, பலர் அதை மறந்துவிடுகிறார்கள். பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் சமவாயத்தின் விருப்ப நெறிமுறையில் இலங்கை 2002-இல் சேர்ந்துவிட்டது. அந்தச் சமவாயத்தின் 14ஆம் உறுப்புரை கிராமப்புறப் பெண்களின் வீடு, சுகாதார வசதி, தண்ணீர் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கொழுந்து பறிக்கும் பெண்களின் முறைப்பாடு அங்கே போகலாம்.

நிபந்தனை, உள்நாட்டு வழிகளை முதலில் முயன்றிருக்க வேண்டும். இங்கேதான் தேதி காலை வாருகிறது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையில் அடிப்படை உரிமை மனு ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வீட்டுரிமை நம் அடிப்படை உரிமை அத்தியாயத்தில் இல்லாததால் 12ஆம் உறுப்புரையின் சமத்துவத்தைப் பிடித்துத்தான் எழுத வேண்டிவரும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டு ரசீதை மட்டும் நம்பாதீர்கள். விசாரணை நடப்பதற்கு எழுத்து ஆதாரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட வேகமான வழி சிறப்பு அறிக்கையாளருக்கு, அதாவது ஒரு விஷயத்தைக் கண்காணிக்க ஐ.நா. நியமித்த நிபுணருக்கு, எழுதுவது. வீட்டுவசதிக்கு ஒருவர், தண்ணீருக்கு ஒருவர், அடிமைமுறையின் இக்கால வடிவங்களுக்கு ஒருவர் என்று இருக்கிறார்கள். கடைசியாகச் சொன்ன பொறுப்பில் இருந்த டொமோயா ஒபோகாட்டா 2021 இறுதியில் இலங்கைக்கு வந்து மலையகத் தமிழரின் நிலையைத் தன் அறிக்கையில் எழுதியிருக்கிறார். இவர்களுக்கு எழுத உள்நாட்டு வழிகளை முடித்திருக்க வேண்டியதில்லை. அரசுக்குக் கடிதம் போய் 60 நாள் கழித்து, பதிலோடு சேர்த்து அது பொதுவில் வரும்.

பதுளைக்கொழுந்து:

மிக்க நன்றி. பொதுவில் வரும் என்றால் பெயர்களும் வருமா? துரையின் (தோட்ட முகாமையாளரின்) காதுக்குப் போனால் வேலை பேரில் கைவைப்பார்கள் என்று பயப்படுகிறார்கள்.

சட்டவாசகி:

நியாயமான பயம். தகவல் கொடுத்த அமைப்பின் பெயரை மறைப்பார்கள். பாதிக்கப்பட்டவர் பெயர் அரசுக்குப் போகும் கடிதத்தில் இருக்கும், வெளியீட்டிலும் வரலாம். படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனியாகச் சம்மதம் கேட்பார்கள். அதைத் தமிழில் வாசித்துக் காட்டி ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். குழுத் தலைவர் எல்லோருக்குமாகப் போடக் கூடாது. இஷ்டமில்லாதவரை விட்டுவிடுங்கள். நிழல் அறிக்கையில் பெயரே வேண்டாம், லய இலக்கமும் வேண்டாம். பிரிவு மட்டும் போதும், அதுவும் சிறிய பிரிவு என்றால் தோட்டத்தோடு நிறுத்துங்கள். அசல் தாள்கள் தோட்டத்துக்கு வெளியே இருக்கட்டும்.

ஏழுபேர்ச்:

உறுதி விஷயத்துக்கு வருகிறேன். தாராளமாகச் சேர்க்கலாம், சேர்க்கத்தான் வேண்டும். உடன்படிக்கையின் 2ஆம் உறுப்புரை முதல் பந்தியிலேயே சர்வதேச உதவியும் ஒத்துழைப்பும் வருகிறது. அந்த ஒத்துழைப்பு உரிமையாக முடிந்ததா என்று கேட்பது குழுவின் வேலை.

இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடு. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 அறிவித்தார். 7 பேர்ச்சஸ் காணி, சுமார் 550 சதுர அடி வீடு. பத்துக்குப் பன்னிரண்டிலிருந்து வந்த குடும்பத்துக்கு அது பெரிய மாற்றம், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் 1991-இல் குழு வெளியிட்ட 4ஆம் பொதுக் கருத்துரை, போதுமான வீட்டுக்கு ஏழு அம்சம் சொல்லும்போது முதலில் வைப்பது குடியிருப்பின் சட்டப் பாதுகாப்பைத்தான். சுவரும் கூரையும் அதற்கு அப்புறம். உறுதி இல்லாத வீட்டைப் பிணை வைத்துக் கடன் வாங்க முடியாது. பிள்ளைக்கு எழுதிக்கொடுக்க முடியாது. தோட்டத்தில் வேலையை விட்டாலும் வீடு நம்முடையதுதானா என்ற சந்தேகம் தீராது.

தாமதம் எங்கே என்று கண்டுபிடித்து எழுதுங்கள். காணி அரசுடையது, 1992 முதல் கம்பனிகளிடம் குத்தகையில் இருக்கிறது. அந்தத் துண்டைக் குத்தகையிலிருந்து விடுவிக்க வேண்டும், நில அளவையாளர் அளந்து வரைபடம் போட வேண்டும், பிறகுதான் உறுதி. உங்கள் மூன்று தோட்டத்திலும் எந்தப் படியில் நிற்கிறது? 'உறுதி இல்லை' என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். 'வரைபடம் முடிந்து இத்தனை மாதமாக இன்ன அலுவலகத்தில் நிற்கிறது' என்றால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அதே நாலு பக்கத்தை வேறு இரண்டு இடத்துக்கும் வெட்டித் தையுங்கள். மனித உரிமைப் பேரவையின் உலகளாவிய காலமுறை மீளாய்வுக்குத் தனி அமைப்பு 2,815 சொல், கூட்டாக 5,630 சொல். அங்கே இலங்கையின் நிலையைப் பற்றிப் பேசுவது மற்ற நாடுகள். ஒவ்வொன்றுக்கும் ஓரிரு நிமிடம்தான் கிடைக்கும் என்பதால், கொழும்பிலுள்ள தூதரகங்களுக்கு ஒரே பக்கத்தில் இரண்டு பரிந்துரைக்கு மேல் கொடுக்காதீர்கள். மற்றது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ். அந்த வரிச் சலுகை 27 சமவாயங்களை நடைமுறைப்படுத்துவதோடு கட்டப்பட்டது, இந்த உடன்படிக்கையும் அதில் ஒன்று. 2010-இல் இழந்து 2017-இல் திரும்பப் பெற்ற சலுகை என்பதால் அரசு அதைக் காதில் வாங்கும். கண்காணிப்புக் குழு வரும்போது சிவில் அமைப்புகளைச் சந்திக்கிறது. சந்திக்கக் கேட்டு முன்கூட்டியே எழுதுங்கள்.

சலுகையைப் பறியுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் நம் பிள்ளைகளின் வேலையும் அதில்தான் இருக்கிறது. உறுதிக்குக் காலக்கெடு கேளுங்கள்.